இடிக்கப்போகும் பழைய காரை வீடு, பத்தாயம், தொழு, கல்மண்டபம்: ரெண்டு நாளில் முழுசாகப் படம் எடுப்பது எப்படி?

வயலோரம்

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு பழைய இரண்டு கட்டு வீடு. பிசான நெல் அறுப்பு முடிந்ததும் இடிக்கிறார்கள். அதற்கு முன்னால் மாசியில் இரண்டு நாள் உள்ளே வந்து படம் எடுத்துக்கொள்ள வீட்டுக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள்.

வடக்குப் பார்த்த வாசல். தெரு அகலம் 7 மீட்டர். முகப்பு 10 மீட்டர் நீளம், மச்சோடு (மாடியோடு) சேர்த்து 7 மீட்டர் உயரம். திண்ணை, அதை அடுத்துத் தார்சா, பட்டாசல் என்கிற கூடம், நடுவில் முற்றம், இருட்டறையில் நெல் கொட்டிவைக்கிற ஒரு பெரிய மரப் பத்தாயம், அப்புறம் அடுக்களை. புறவாசலில் ஓடு வேய்ந்த மாட்டுத் தொழு, அதில் நெல் போட்டுவைக்கிற இரண்டு மண் குலுக்கை. களத்தைத் தாண்டி வரப்பை ஒட்டி ஒரு கல்மண்டபம், தூணில் எழுத்து இருக்கிறது.

கையில் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா, 18-55 கிட் லென்ஸ், ஒரு 50 எம்எம், டிரைபாட், மொபைல். ஃபிளாஷ் வேணுமா? வைட் லென்ஸ் வாடகைக்கு எடுக்கணுமா? எதை எந்த நேரத்தில் எடுப்பது?

நெல்லைநிழல்

முதலில் வெயிலைப் பாருங்கள், லென்ஸ் அப்புறம். நம்ம ஊர் கிட்டத்தட்ட 8.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்தில் உச்சிச் சூரியன் தலைக்கு நேரே வந்து, அங்கிருந்து ஆவணி பாதி வரைக்கும் வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்குச் சுவரில் நல்ல வெயில் விழுவது அந்த மாதங்களில்தான். நீங்கள் போவது மாசியில். அப்போது சூரியன் உதிப்பதே கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி. ஆகவே உங்கள் முகப்பில் நாள் முழுக்க ஒரு பொட்டு வெயில்கூட விழாது. கூரைக்குப் பின்னால் வானம் மட்டும் வெள்ளையாக எரியும். கேமராவின் ஒளிமீட்டர் அந்த வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, திண்ணையைக் கரிக்கட்டை ஆக்கிவிடும்.

இதற்கு இரண்டு வழி. சூரியன் உதிக்க 15, 20 நிமிஷம் இருக்கும்போதே டிரைபாட்டில் வைத்து எடுப்பது ஒன்று. அந்த நேரத்தில் வானமும் சுவரும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கும். மாசியில் உதயம் ஆறரையை ஒட்டி, அதனால் ஆறு மணிக்கே கேமரா தயாராக நிற்கணும். இன்னொன்று காலை 10 மணிவாக்கில். எதிர்சாரி வீடுகள் தெற்குப் பார்த்தவை, அவற்றின் மேல் நேர் வெயில் விழும். சுவர் வெள்ளையடித்ததாக இருந்தால் அந்த வெளிச்சம் தெருவைத் தாண்டி வந்து உங்கள் திண்ணைக்குள், தூணின் தலையில் உத்திரம் தாங்குகிற போதிகைக்கு அடிப்பக்கம் வரைக்கும் மெதுவாக ஏறும். திண்ணை வேலைப்பாட்டுக்கு இதைவிட நல்ல விளக்கு காசு கொடுத்தாலும் கிடைக்காது. எதிர்வீட்டுச் சுவர் பச்சையோ நீலமோ என்றால் அந்தச் சாயமும் கூடவே வரும். சாம்பல் அட்டை ஒன்றை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு சரிசெய்யலாம்.

புறவாசல் தெற்குப் பார்த்தது. தொழுவின் மண்சுவரும் களமும் மாலை 4 மணிக்கு மேல் சாய்வெயிலில் நன்றாக வரும். கல்மண்டபத்தையும் அந்தப் பொழுதுக்கே வையுங்கள்.

தச்சநல்லூரான்

வெளிச்சம் சொல்லியாச்சு. இனி எதை எடுக்கணும் என்கிற பேச்சு. முகப்பு, தூண், வாசல் நிலை, இதை எல்லாரும் எடுப்பார்கள். வீடு போனபிறகு ஒரு தச்சனோ கொத்தனோ படத்தைப் பார்த்து "இது இப்படித்தான் கட்டியிருக்கு" என்று சொல்ல முடியணும். அழகுப் படத்தில் அது தெரியாது.

பத்தாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் நேர் எதிரே நின்று நாலு படம். மூடியைத் திறந்து மேலிருந்து நேர்கீழாக ஒன்று. அடியில் நெல் சரிகிற வாயும் அதன் அடைப்பும். மூலையில் பலகைகள் ஒன்றோடொன்று எப்படிக் கோத்திருக்கின்றன என்பதை அரை மீட்டர் தூரத்திலிருந்து. ஆணியா, மரமுளையா? கால்களின் அடி, கரையான் ஏறியிருந்தால் அதுவும் சேரட்டும். கொண்டி, பூட்டுத் தகடு. பலகைகள் கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தால் ஓரத்தில் உளியால் ௧, ௨, ௩ என்று வரிசை வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடை அடைக்கிற பலகையில் இருப்பது போலவே சில பத்தாயத்திலும் இருக்கும். உள்ளே நீளம், அகலம், உயரம் அளந்து எழுதுங்கள். நெல் கன மீட்டருக்கு ஏறக்குறைய 550 முதல் 600 கிலோ வரும், எவ்வளவு பிடிக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

குலுக்கை வேறு ஜாதி. வளையம் வளையமாக மண் வைத்து, ஒன்று காய்ந்தபிறகு அதன் மேல் அடுத்ததை ஏற்றியது. வளையம் சேர்கிற கோடு முன்பக்க வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். கதவை ஒருபக்கம் மட்டும் திறந்து, பக்கவாட்டில் வருகிற வெளிச்சத்தில் எடுத்தால் ஒவ்வொரு வளையமும், பூசிய விரல் தடமும் எழுந்து நிற்கும். மேல் வாய், கீழே நெல் எடுக்கிற துவாரம் இரண்டுக்கும் தனித்தனிப் படம். அதைத் தொட்டு நகர்த்திப் பார்க்கவே கூடாது, பழைய மண் அப்படியே உதிர்ந்துவிடும்.

வயலோரம்

நன்றி அண்ணாச்சி. 7 மீட்டர் தெருவில் 18 எம்எம்மில் முகப்பு முழுசாக அடங்குமா? கேமராவை நிமிர்த்தினால் வீடு பின்பக்கம் சாய்ந்த மாதிரி வருகிறது.

முழக்கோல்

சென்சார் அகலத்தை லென்ஸ் எண்ணால் வகுத்து, நிற்கிற தூரத்தால் பெருக்குங்கள். ஏபிஎஸ்-சி என்றால் 23.5 எம்எம் (கேனானில் 22.3). 23.5 / 18 என்பது சுமார் 1.3. 7 மீட்டர் தூரத்தில் 9 மீட்டர்தான் அடங்கும், உங்கள் முகப்பு 10. எதிர்வீட்டுத் திண்ணையில் ஏறி முதுகைச் சுவரோடு ஒட்டினால் 8 மீட்டர் கிடைக்கும், அகலம் 10.4 வந்துவிடும். உயரம்தான் இடிக்கும். படுக்கைவாட்டில் 15.6 / 18 × 8, அதாவது 6.9 மீட்டர். கேமரா மட்டமாக இருந்தால் இதில் பாதி கேமராவுக்குக் கீழே போய்விடும். மேலே 3.5 மீட்டர், அதோடு கேமரா நிற்கும் உயரம் 2.4, மொத்தம் 5.9. மச்சின் கைப்பிடிச்சுவரும் கூரையும் வெட்டுப்படும்.

நிமிர்த்தினால் வருவதுதான் நீங்கள் சொல்கிற சாய்வு. சென்சாரும் சுவரும் ஒரே வாக்கில் நிற்காவிட்டால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போகக் கூடும். லென்ஸ் மேல் பழிபோட ஒன்றுமில்லை. கேமராவை நெட்டுவாட்டில் திருப்பி மட்டக்குமிழ் பார்த்து வையுங்கள். 8 மீட்டரில் மேல்பாதி 5.2, அதோடு 2.4 சேர்த்தால் 7.6. உயரம் அடங்கிவிட்டது. இடமிருந்து வலமாக 3 படம், ஒன்றுக்கொன்று 40 சதவீதம் மேலே மேலே விழுகிற மாதிரி எடுத்து ஒட்டிவிடுங்கள். எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் மூன்றையும் முதல் படத்திலேயே பூட்டணும். தானியங்கியில் விட்டால் ஒட்டுகிற இடத்தில் சுவர் நிறம் மாறி வரி விழும்.

எதிர்வீட்டு மச்சு சன்னல் கிடைத்தால் இன்னும் நல்லது. கட்டிடத்தின் பாதி உயரத்தில் கேமரா நின்றால் படுக்கைவாட்டுப் படத்திலேயே எல்லாம் கிட்டத்தட்ட அடங்கும்.

வைட் லென்ஸ் வாடகைக்கு வேண்டாம். மொபைலில் உள்ள அல்ட்ரா வைடும் வேண்டாம், ஓரத்தில் நிற்கிற தூண் பக்கத்துத் தூணைவிடத் தடிமனாக இழுபடும். அளந்து பார்க்கிறவனை அது ஏமாற்றும். கிட் லென்ஸில் எஃப்/8 வையுங்கள். எஃப்/16க்கு மேல் போனால் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) கூர்மை குறையும்.

வெள்ளைக் காரைச் சுவர் படம் முழுக்க நிறைந்தால் ஒளிமீட்டர் அதைச் சாம்பலாக்கும், எக்ஸ்போஷரில் +1 கூட்டுங்கள். கருத்த தேக்குப் பத்தாயத்துக்கு -1. ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று, அளவுகோல். 1 மீட்டர் பிவிசி குழாயில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை என்று பெயிண்ட் அடித்தால் வேலை முடிந்தது. சுவரோடு ஒட்டி வையுங்கள். முன்னால் தள்ளி வைத்தால் அளவு பொய் சொல்லும். கோலோடு ஒரு படம், கோல் இல்லாமல் ஒரு படம்.

பொதிகைச்சாரல்

எனக்கு ஒரு யோசனை. திண்ணையில் குத்துவிளக்கு, உரல், பழைய செம்பு எல்லாம் எடுத்து வைத்து எடுத்தால் உயிரோட்டமாக இருக்குமே?

தச்சநல்லூரான்

கல்யாணப் பத்திரிகைக்கு நன்றாக இருக்கும் தம்பி. உரல் எங்கே பதித்திருக்கிறதோ அங்கேதான் அதற்கு அர்த்தம். அடுக்களையில் எந்த மூலையில், பாத்திரம் கழுவுகிற அங்கணத்துக்கு எவ்வளவு பக்கத்தில் என்பதுதான் சேதி. திண்ணைக்குத் தூக்கி வந்துவிட்டால் ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவன் திண்ணையில் நெல் குத்தினார்கள் என்று எழுதிவைப்பான். நீலத் தார்ப்பாய், பிளாஸ்டிக் குடம் மாதிரி மறைக்கிற சாமானை நகர்த்தலாம். நகர்த்துமுன் இருந்தபடியே ஒரு படம் எடுத்துவிட்டு நகர்த்துங்கள்.

நெல்லைநிழல்

உள்ளறைக்கு ஃபிளாஷ் வாங்காதீர்கள். கேமரா மேல் இருக்கிற ஃபிளாஷ் முன்னால் இருப்பதை வெளுக்கவைத்து, பின்னால் கட்டை உத்திரத்தை இருட்டில் தள்ளும். இழைப்புளித் தடமெல்லாம் தட்டையாகிவிடும்.

டிரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 2 விநாடி டைமர். லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். சன்னல் தெரிகிற அறையில் 2 ஸ்டாப் இடைவெளியில் 3 படம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி). சன்னல் கம்பிக்கு வெளியே விவரம் வேண்டுமென்றால் -4 ஒன்றும் சேர்த்து. பிறகு ஒன்றாக்கும்போது மிதமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எச்டிஆர் பொத்தானை அமுக்கினால் காரைச் சுவர் அழுக்குத் துணி மாதிரி ஆகிவிடும். டியூப்லைட்டை அணைக்கச் சொல்லுங்கள், பகல் வெளிச்சத்தோடு கலந்தால் ஒரே சுவரில் இரண்டு நிறம் நிற்கும்.

பத்தாய அறையில் ஆட்டோஃபோகஸ் தட்டுத் தடுமாறும். டார்ச்சைப் பலகை விளிம்பில் அடித்து ஃபோகஸ் பிடித்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் 20 விநாடி எக்ஸ்போஷர் வைத்து, டார்ச்சை நேராகப் பத்தாயத்தில் அடிக்காமல், எதிர்ச் சுவரிலோ விரித்துப் பிடித்த வெள்ளை வேட்டியிலோ அடித்துத் திருப்பிவிடுங்கள். டார்ச் ஓரிடத்தில் நின்றால் அங்கே பொட்டு விழும், கை ஆடிக்கொண்டே இருக்கணும். மஞ்சளாக எரிகிற பழைய டார்ச்சும் வெள்ளை எல்இடியும் கலக்க வேண்டாம்.

மச்சுத் தளத்தில் எடுக்கும்போது யாரையும் நடக்க விடாதீர்கள். மரக்கட்டை மேல் நிற்கிற தளம், ஒருவர் காலெடுத்து வைத்தாலே டிரைபாட் அதிரும். கூரையின் அடிப்பாகத்துக்குக் கேமராவைத் தரையில் மல்லாக்க வைத்து 10 விநாடி டைமர் போட்டு விலகிவிடுங்கள். சட்டம், அதன் மேல் ஓடு தாங்குகிற வாரி, ஓட்டு வரிசை எல்லாம் நேராக விழும்.

கல்லெழுத்து

மண்டபத் தூணுக்கு வருகிறேன். எழுத்தின் மேல் சுண்ணாம்பு, சாக்பீஸ், எண்ணெய், விபூதி எதையும் தடவாதீர்கள். எண்ணெய் கல்லுக்குள் இறங்கித் தூசியைப் பிடித்துவைக்கும். சாக்பீஸ் தேய்க்கிறவர் தனக்குத் தெரிந்த எழுத்தை வரைவார், கல்லில் உள்ளதை அல்ல. எழுத்தைத் தாளில் படி எடுப்பது அந்த வேலை தெரிந்தவர்களுக்கு உரியது.

வெளிச்சம் ஒன்றே போதும். பொழுது சாய்ந்து இருட்டுகிற வேளையில் கேமராவைத் தூணுக்கு நேர் எதிரே டிரைபாட்டில் பூட்டுங்கள், 50 எம்எம் சரியாக இருக்கும். டார்ச்சைக் கல்லின் பரப்போடு 10 முதல் 20 பாகை சரிவில், எழுத்துப் பரப்பின் அகலத்தைப்போல மூன்று மடங்கு தூரத்தில் பிடித்து அடியுங்கள். பக்கத்தில் பிடித்தால் ஒரு ஓரம் வெளுத்து மறு ஓரம் இருண்டுவிடும். கேமரா அசையாமல் டார்ச் மட்டும் சுற்றிவர எட்டுத் திசையிலிருந்து எட்டுப் படம். இடமிருந்து அடித்தால் செங்குத்துக் கோடு தெரியும், மேலிருந்து அடித்தால் படுக்கைக் கோடு. ஒரே படத்தில் இரண்டும் வராது, தேய்ந்த எழுத்தில் பாதி காணாமல் போவது இதனால்தான். ஒவ்வொரு வரியின் தொடக்கமும் முடிவும் அடுத்த படத்தில் கொஞ்சம் சேர்ந்து வரட்டும். தூணின் எந்த முகம், எந்தத் திசை என்பதைக் குறிக்காவிட்டால் வரிசை குழம்பும்.

ஆண்டு கொல்லம் (மலையாள ஆண்டு) கணக்கில் இருந்தால் ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள நாளுக்கு 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டணும். கொல்லம் 1075 என்றால் 1899-1900. வீட்டு நிலைவாசலிலும் இந்தக் கணக்கில் ஆண்டு வெட்டியிருக்கலாம், பெயிண்டுக்கு அடியில் தேடுங்கள்.

மறுகால்

ஆண்டு என்றதும் ஞாபகம் வந்தது. ஓட்டின் அடிப்பக்கத்தில் பேசல் மிஷன் முத்திரையோடு 1865 என்று இருந்தால் வீட்டை 1865இல் கட்டினதாக எழுதிவிடாதீர்கள். மங்களூரில் அந்த ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு அது. ஓடு வார்த்த வருஷம் இல்லை. ஓடு மாற்றுவதும் சகஜம், ஒரே கூரையில் மூன்று ஆலை முத்திரை கிடக்கும். முன்னால் நாட்டு ஓடு இருந்த கூரையில் பிறகு சீமை ஓடு ஏறியிருந்தால் சட்டங்களின் இடைவெளியிலும் பழைய முளைத் துளைகளிலும் அது தெரியும். படம் எடுக்க வேண்டியது அந்தத் துளைகளை.

கூரை மேல் ஏறாதீர்கள். வாரி உளுத்திருந்தால் கால் நேராகப் பட்டாசலுக்கு வந்துவிடும்.

பொதிகைச்சாரல்

மேலிருந்து எடுக்க டிரோன் வைத்தால்?

மறுகால்

அரசின் டிஜிட்டல் ஸ்கை டிரோன் வரைபடத்தில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி தேவையில்லை. ஆனால் நம்ம மாவட்டத்தில் தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம், விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம், மகேந்திரகிரியில் இஸ்ரோ. மேற்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து மலை எவ்வளவு பக்கம் என்று தெரியும், காட்டு எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வினைதான்.

ஒரு வீட்டுக்கு அதெல்லாம் எதற்கு? தொரட்டிக் கம்பு நுனியில் மொபைல் கிளாம்ப் வைத்துக் கட்டினால் நாலைந்து மீட்டர் உயரம் கிடைக்கும். புளூடூத் பொத்தானால் எடுக்கலாம். தெருவில் மின்கம்பி பார்த்துத் தூக்குங்கள், பச்சை மூங்கில் மின்சாரம் கடத்தும். முற்றத்துக்குள் வைத்து எடுத்தால் நாலு பக்கத் தாழ்வாரமும் ஒரே படத்தில் வரும்.

தெருக்கோடிக் கோயிலுக்குள் மொபைலோடு போய்விடாதீர்கள். 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களில் மொபைலுக்குத் தடை விதிக்கச் சொல்லியாகிவிட்டது.

முழக்கோல்

முப்பரிமாண மாதிரி செய்கிற எண்ணம் இருந்தால் பத்தாயத்துக்கும் குலுக்கைக்கும் செய்யுங்கள், மொத்த வீட்டுக்கு இரண்டு நாள் காணாது. ஜூமை நகர்த்தாமல், ஒரே எக்ஸ்போஷரில், பொருளைச் சுற்றி 10, 15 பாகைக்கு ஒரு படம், இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று, தலைக்கு மேலே ஒரு சுற்று. படங்கள் ஒன்றின் மேல் ஒன்று 70 சதவீதம் விழணும். வெறும் வெள்ளைச் சுவர் இதில் தோற்கும், மென்பொருள் பிடித்துக்கொள்ளப் புள்ளி இருக்காது. கூடவே அளவுகோல் கட்டாயம்.

கல்லெழுத்து

ஒரு சங்கடமான விஷயம். படத்தைப் போடும்போது ஊர்ப்பெயர், தெரு, இடக்குறி எதையும் போட வேண்டாம் என்பது என் கட்சி. வேலைப்பாடுள்ள நிலையும் தூணும் உள்ள ஆளில்லா வீடு என்று தெரிந்தால் பழைய மரச்சாமான் தேடுகிறவர்கள் அடுத்த வாரமே வருவார்கள், எல்லாரும் கேட்டுக்கொண்டா எடுப்பார்கள்?

தச்சநல்லூரான்

ஊர் இல்லாத படம் அனாதைப் பிரேதம் மாதிரி. பிறகு ஆராய்கிறவனுக்கு எதற்கு ஆகும்?

கல்லெழுத்து

மூலக் கோப்பில் எல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி. ஊர், வட்டம், திசை, தேதி, அளவு, யார் சொன்ன தகவல், அத்தனையும். வெளியே போடுகிற பிரதியில் இடக்குறியை நீக்கிவிட்டு "அம்பாசமுத்திரம் வட்டம்" என்று நிறுத்தினால் போதும். வீடு இடிந்தபிறகு முழு விவரத்தையும் திறந்துவிடலாம். மண்டபம் இடியப்போவதில்லை, அதற்கு ஊர்ப்பெயர் போடுவதில் தப்பில்லை.

தச்சநல்லூரான்

அது சரி. அதுகூட வீட்டுக்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான். பங்காளிகள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். ஒருவர் சரி என்று இன்னொருவருக்குத் தெரியாமல் உள்ளே போனால் கேமரா பை பஞ்சாயத்தில் உட்கார்ந்திருக்கும். சாமி அறை, ஆட்களின் படங்கள், பத்திரப்பெட்டி, இதெல்லாம் கேட்காமல் எடுக்கக் கூடாது.

மறுகால்

பாதுகாப்புப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தொழுவில் ஓட்டுக் குவியல், வைக்கோல் படப்பு, விறகு, இவற்றில் கையை விடுமுன் கம்பால் தட்டுங்கள். கண்ணாடிவிரியனுக்கு உங்கள் ஷூட்டிங் அட்டவணை தெரியாது. புறவாசலில் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு இருந்தால் அந்தப் பக்கம் ஃபிரேம் பார்த்துக்கொண்டே பின்னால் நகராதீர்கள், முதலிலேயே ஒரு கயிறு கட்டிவிடுங்கள். மச்சில் வவ்வால் எச்சம் கிடந்தால் முகக்கவசம் போடாமல் பெருக்க வேண்டாம். லென்ஸில் சுண்ணாம்புத் தூள் விழுந்தால் துடைக்காதீர்கள், ஊதுபந்தால் ஊதுங்கள். ஈரத்துணி பட்டால் காரப் பசையாகிக் கீறல் விழும்.

வயலோரம்

எல்லாம் குறித்துக்கொண்டேன். முதல் நாள் விடியலில் முகப்பு, 10 மணிக்குத் திண்ணை, உச்சிப்பொழுதில் பத்தாய அறையும் மச்சும், மாலையில் தொழு, களம், இருட்டினதும் மண்டபத் தூண். இரண்டாம் நாள் விடுபட்டதும் அளவுகளும். வேறு ஏதாவது?

தச்சநல்லூரான்

ஒன்றே ஒன்று, அதுதான் பெரிது. இடிக்கிற அன்றைக்கும் வர அனுமதி கேளுங்கள். நிற்கிற வீட்டில் தெரியாதது எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். மச்சுத் தளத்தை உடைக்கும்போது குறுக்கு வெட்டு தெரியும். கட்டை மேல் செங்கலை எப்படி நிறுத்தி அடுக்கியிருக்கிறார்கள், அதன் மேல் செங்கல் ஜல்லிக் காரை எத்தனை அங்குலம், மேலே தட்டு ஓடு எத்தனை வரிசை. சுவர் நடுவில் செங்கலா, மண்ணும் கல்லும் திணித்ததா. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம். உத்திரம் சுவருக்குள் போகிற முனை எப்படி இருக்கிறது. ஜேசிபி வந்தால் அரைமணி நேரத்தில் எல்லாம் குவியல். ஆகவே முதலில் கையால் ஓடு இறக்குகிற நாளும், மரம் பிரிக்கிற நாளும் என்றைக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு விலை உண்டு, அதைக் கையால்தான் பிரிப்பார்கள்.

முழக்கோல்

அன்றைக்கு 55 எம்எம் முனையிலேயே நில்லுங்கள். சுவர் உயரத்தைப்போல ஒன்றரை மடங்குக்குக் கிட்டே போகாதீர்கள், காற்று வருகிற பக்கம் நின்றால் புழுதி உங்கள் மேல் வராது. அந்த இடத்தில் லென்ஸ் மாற்றவே வேண்டாம், சென்சாரில் சுண்ணாம்பு உட்கார்ந்தால் எஃப்/8இல் ஒவ்வொரு வானத்திலும் புள்ளி தெரியும். வீட்டுக்காரர்களுக்கு ஒரு பென்டிரைவ் பிரதி தனியாக எடுத்து வையுங்கள், ரா கோப்போடு ஜேபெக்கும் சேர்த்து.

வயலோரம்

ஓடு இறக்குவது பங்குனி முதல் வாரம் என்கிறார்கள். கேட்டு வைத்துவிட்டேன். பிவிசி குழாய்க்கு மேட் பெயிண்டா, பளபளப்பா?

முழக்கோல்

மேட். பளபளப்பு வெயிலில் வெளுத்துக் கறுப்புக் கட்டமே காணாமல் போகும்.